அப்பா அனுப்பும் நிறங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். ஸ்வெட்டரோடு பஸ் ஏறி வியர்வையோடு இறங்கினேன்.

வகுப்பில் சுதா மேடம் அறிவிப்பு. அடுத்த வியாழன், கடைசி வருட ஓவிய மாணவர்களின் படங்களைப் பார்க்க மூன்று இடங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெங்களூரில் கேம் தயாரிக்கும் கம்பெனி. சென்னையில் கண்காட்சிக் கூடம் நடத்தும் ஒருவர். இளம்பிள்ளையில் சேலை டிசைன் செய்கிற இடம். ஆளுக்குப் பத்துப் படம் வைக்க வேண்டும். பிடித்தால் வேலை, அல்லது வாய்ப்பு.

இளம்பிள்ளை என்றதும் பின் பெஞ்சில் சிரிப்பு. "நாலு வருசம் படிச்சுட்டு மாங்கா பார்டர் போடறதுக்கா?" மேடம் காதில் விழாத மாதிரி நின்றார்.

என்னிடம் முடிந்த படம் மூன்று. முடியாதது நிறைய. படத்தைவிட நிறம் வைத்த டப்பாக்கள்தான் அதிகம்.

நிவேதாவுக்குக் கவலையில்லை. ஓமலூர்க்காரி, என் பக்கத்து இருக்கை. டேப்லெட்டில் அரை மணியில் ஒரு கோட்டையே கட்டிவிடுவாள். "தாரணி, நாம ரெண்டு பேரும் பெங்களூர். ஒரே ரூம். நீ சமையல், நான் பாத்திரம்" என்றாள். தலையாட்டினேன். அந்த ரூமின் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஆட்டையாம்பட்டி தாண்டி, தூக்கமா விழிப்பா தெரியாத ஒரு நிலை. ரோட்டோரக் காட்டு மண் ஒரு மூடி மாதிரித் திறக்கிறது. உள்ளே அடுக்கடுக்காக மாடிகள், கீழ்நோக்கி. ஒவ்வொன்றிலும் வேறு நிறத்தில் வெளிச்சம். அப்பா லைட் போட்டுக்கொண்டே இறங்கிப் போகிறார். கூப்பிட வாயைத் திறந்தேன், கண்டக்டர் "மல்லசமுத்திரம்" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

பொட்டலம் வந்துவிட்டது! அப்பா இருக்கும் இடத்திலிருந்து போர்வெல் ரிக் வண்டி ஒன்று சர்வீசுக்காகத் திருச்செங்கோடு திரும்பியிருக்கிறது. அதில் கொடுத்தனுப்பியிருக்கிறார். பால் கவரில் கட்டிய பொடி. ரோஸ். நம்பவே முடியாத ரோஸ்.

படத்தோடு வைக்க ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டுமாம். "உன் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன?" இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் முக்கால்வாசி வடக்கே. இப்போது மத்தியப் பிரதேசம். துளை இறங்க இறங்கக் கல் பொடியாகி மேலே பீறிட்டு வரும். அடிக்கு அடி நிறம் மாறும். இரண்டாம் வருடம் 'ஓவியப் பொருட்கள்' பாடத்துக்காக விளையாட்டாகக் கேட்டேன், கொஞ்சம் பொடி கொண்டு வாங்கப்பா என்று. நாலு கவர் கொண்டுவந்தார். இப்போது அலமாரி கொள்ளவில்லை. தண்ணீரில் கரைத்து, கல் தங்கியதும் மேலே மிதப்பதை மட்டும் வடித்து, காயவைத்து, கண்ணாடிப் பலகையில் அரைத்து, கருவேலம் பிசின் கலந்தால் வாட்டர் கலர். கடைக் கலர் போலப் பளபளக்காது. காய்ந்தபின் தாளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

(இதை மேடம் திருத்துவார். "உட்கார்ந்திருக்கும்" கூடாது என்பார்.)

மாலை அப்பா போன்.

"சாமி, பொடி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கப்பா. நிசமாவே பூமிக்குள்ள இருந்துதான் எடுத்தீங்களா, கடையில வாங்குனீங்களா?"

சிரிப்பு. "மேல பூரா கருப்பு மண்ணு சாமி. கீழ போகப் போக இப்பிடி வருது. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் ரோசுப் பொம்மையாட்ட நிக்கறாங்க. நீ இருந்திருக்கோணும், பாக்கறதுக்கு."

பின்னால் கம்ப்ரசர் சத்தம். "தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

எட்டு மணி வரை ரோஸை அரைத்தேன். கை, மூக்கு, தயிர் சாதம், எல்லாம் ரோஸ்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மாவுக்கு இன்றும் வேலை. ஜவ்வரிசி ஆலையில் மாவு காயப்போடும் களம். மரவள்ளிக் கிழங்கு சீசன், லீவு கிடையாது. மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன்.

எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இன்று ஏனோ வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏக்கர் கணக்கில் வெள்ளை. மேலே வானமும் வெளுத்து, எங்கே களம் முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று கோடே இல்லை. அம்மாவும் இன்னும் சில பெண்களும் அதற்கு நடுவில் மிதக்கிறார்கள். தலையில் துண்டு, மேலே ஆண்கள் சட்டை, கையில் நீளக் கட்டை. மாவைக் கிளறிக் கிளறிப் போகிறார்கள். பின்னால் வரிவரியாகத் தடம். நிழல்கள்தான் ஆட்கள் போலவும், ஆட்கள் நிழல் போலவும்.

"பாப்பா, வெறுங்கண்ணுல பாக்காத. அப்பறம் பொழுதுக்கும் எரியும்."

"அம்மா, கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லுங்க."

"நின்னா மேஸ்திரி உடுவானா? நீ வேணா வந்து கிண்டு, நான் உக்காந்து உன்னயப் படம் போடறேன்."

பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: "பொண்ணு என்ன படிக்குதுங்க?" அம்மா: "படம் போடற படிப்புங்க." "அதுக்கு வேலை கெடைக்குமா?" அம்மா கொஞ்சம் யோசித்து, "கெடைக்குமாட்ட இருக்குதுங்க. வர்ற வியாழக்கெழம ஆளுங்க வாராங்களாம்" என்றார். அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து களத்தைப் போட உட்கார்ந்தேன். வெள்ளையை எப்படிப் போடுவது? தாளை அப்படியே விட்டேன். நிழலை மட்டும் போட்டேன், அந்த ரோஸ் பொடியில். ஐந்தாவது தாளில் வந்தது. வந்தபோது பயமாக இருந்தது. நான் போட்ட மாதிரியே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எடுத்துப் போனவை: படம் பத்து (இரண்டு நேற்றுதான் காய்ந்தன). பொடி டப்பாக்கள். நிறம் பார்க்கக் கோடு கோடாகப் பூசிய காகிதத் துண்டுகள், இவை தவறுதலாக. நிவேதாவின் அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை.

பெங்களூர்க்காரர் சின்ன வயது. நிவேதாவின் (இனி நி.) படங்களுக்கு முன்னால் இருபது நிமிடம். என்னுடையதற்கு முன்னால் வந்து, "டெக்ஸ்ச்சர் சூப்பர். எந்த பிரஷ் செட்?" என்றார். சாஃப்ட்வேரைக் கேட்கிறார் என்று புரிய நேரமானது. "மண்ணுங்க" என்றேன். சிரித்தார். நல்ல சிரிப்புதான். எனக்கும் நி.க்கும் ஒரே பரீட்சை: ஒரு கேமுக்குப் பின்னணியாகத் தமிழ்நாட்டின் 'கனவுக் கிராமம்' ஒன்று, நாளை இரவுக்குள்.

சென்னைக்காரர் கதர் ஜிப்பா. பெயர் வேண்டாம், ஜி. என்று வைத்துக்கொள்கிறேன். டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். "பூமியைத் துளைக்கிற அப்பா, அந்தத் தூசில வரையற பொண்ணு. அடடா! ஜூலைல இளைஞர்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறேன். உனக்கு ஒரு சுவர் முழுக்கத் தரேன்மா" என்றார். ஒரு சுவர்! அப்பாவின் போட்டோ ஒன்றும் வேண்டுமாம், பெரிதாக்கி நடுவில் வைக்க.

கடைசியாக இளம்பிள்ளை. மஞ்சுளா அக்கா. முப்பத்தைந்து இருக்கும். பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மேசை ஓரம் கிடந்த காகிதத் துண்டுகளைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கலரு பக்கத்துல இந்தக் கலர வெச்சது ஆரு?"

"நாந்தானுங்க. சும்மா பாக்கறதுக்குப் பூசுனது."

"சும்மாவா?" துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "ஒரு வாரம் வந்து இருந்து பாரு. புடிச்சா ரெண்டு பேரும் பேசிக்கலாம்." நம்பர் கொடுத்துவிட்டு, எள்ளுருண்டை ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் முழுக்க அந்தச் சுவர்தான். வெள்ளைச் சுவர். நடுவில் என் களம். முன்னால் அம்மாவும் அப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். கழற்ற வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

கனவுக் கிராமத்துக்கு அந்தக் களத்தையே கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். தூரத்தில் கொல்லிமலை சாம்பல் நிழலாக. நி. கைபேசியில் படம் பிடித்துத் திருத்தி, என் பெயரில் அனுப்பிவைத்தாள். அவளுடைய கிராமத்தில் குடிசை, ஆலமரம், பறக்கும் மாட்டு வண்டி. "இவ்ளோ ஆலமரம் எங்கூர்ல இல்லடி. ஆனா அவங்களுக்கு வேணுமே" என்றாள்.

அப்பாவுக்குப் போன் போட்டு, ஜி. போட்டோ கேட்டதைச் சொன்னேன்.

"என்ற மூஞ்சி எதுக்கு சாமி? படம் நீ போட்டது."

"பொடி நீங்க எடுத்ததுங்கப்பா. சுவர் நடுவுல வெப்பாங்களாம். பெருசா."

"மெட்ராசுலயா?"

"மெட்ராசுலதானுங்க."

பக்கத்தில் யாரிடமோ "மெட்ராசுலயாமா" என்று சொல்வது கேட்டது. அப்புறம், "ஞாயித்துக்கெழம எடுத்து அனுப்பறேன்" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போட்டோ வந்தது.

அப்பா குளித்திருக்கிறார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாமல். எங்கே இஸ்திரி போட்டார்? நெற்றியில் திருநீறு. கை இரண்டும் பக்கவாட்டில் நேராக, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. பின்னால் ரிக். அதுவும் ஈரமாகப் பளபளக்கிறது. கீழே குரல் செய்தி: "வண்டியயும் கழுவியாச்சு சாமி. நல்லா இல்லீனா சொல்லு, வேற சட்ட போட்டு எடுக்கறேன்."

அம்மா கைபேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எங்க கல்யாணத்துல கூட இப்பிடி நேரா நிக்கல" என்றார்.

ஜி.க்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஜி. போன் செய்தார். அன்பாகத்தான் பேசினார். எழுதும்போது அதை மறக்கக் கூடாது.

"அப்பா கம்பீரமா இருக்கார்மா. ஆனா இது வேணாம். வேலை நடக்கும்போது, முகம், இமை எல்லாம் தூசியா இருக்குமே, அப்படி ஒண்ணு. பார்க்க வர்றவங்களை நிறுத்தறது அந்த முகம்தான்."

"அவர் இதத்தானுங்க சார் அனுப்பியிருக்காரு."

"நீ சொன்னா எடுத்து அனுப்புவாரே."

அதுதான். நான் சொன்னால் அனுப்புவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கழுவிய முகத்தில் மறுபடி பொடியைப் பூசிக்கொண்டுகூட நிற்பார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே மைதானத்தில் வேப்பமரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன, காற்றே இல்லாமல். அந்தச் சுவரை நினைத்தேன். எவ்வளவு பெரியது என்று யோசித்தேன். அப்பா அதன் முன்னால் நிற்கிறார், தன் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறார், பக்கத்தில் நிற்கிறவர்கள் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைக்கிறார், சுத்தமாக இருக்கிற முகத்தை.

நாளை வரை பொறுக்கவில்லை. அங்கிருந்தே திரும்பப் போன் செய்தேன்.

"சார், போட்டோ வெச்சா அதத்தானுங்க வெக்கோணும். வேற கேக்க மாட்டேன்."

"நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சுட்டேனுங்க."

"சரிம்மா. அப்படின்னா இந்த வருஷம் வேணாம். அப்புறம் பார்ப்போம்." கோபமில்லை. வைத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சுவர் கூடவே வந்தது, வயலுக்கு மேலே, வெறுமையாக. திடமான மனசு என்றெல்லாம் இல்லை. சாப்பிடும்போது மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன், மறுபடி கூப்பிட்டாரா என்று.

அப்பாவிடம் "இடம் கம்மியாம், படம் மட்டும் கேட்டாங்க, நான் வேண்டாம்னுட்டேன்" என்றேன். "அப்பிடியா" என்றார். "போட்டோவ நீ வெச்சுக்க. நல்லா வந்திருக்குதுல்ல?"

"ரொம்ப நல்லா வந்திருக்குதுங்கப்பா."

பிப்ரவரி 19, வியாழன்

நிவேதாவுக்குக் கிடைத்துவிட்டது! ஜூனில் சேர வேண்டும். வகுப்பே கத்தியது.

எனக்கும் மெயில் வந்தது. "பனிக் கிராமம் மிக அழகு. ஆனால் நாங்கள் கேட்டது தமிழ்நாட்டுக் கிராமம்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு நானும் நி.யும் கேன்டீனில் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. சிரித்து முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அந்த ரூமில் இனி அவள் மட்டும். சமையல், பாத்திரம் இரண்டும்.

அம்மாவிடம் சொன்னதற்கு, "பனியா? அவியளக் கூட்டியா. ஒரு நாள் மத்தியானம் களத்துல நின்னு கிண்டட்டும்" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெதுவாக, "அந்த இளம்பிள்ள அம்மிணி நம்பர் வெச்சிருக்கியா?" என்றார்.

வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மேடம் ஒரு வாரம் அனுமதி கொடுத்தார். இளம்பிள்ளை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்தே தறிச் சத்தம். தெருவே ஒரு பெரிய வண்டி போல ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நகரவில்லை.

மஞ்சுளா அக்காவின் இடம்: முன்னறையில் கம்ப்யூட்டர் நான்கு, பின்னால் மாதிரி நெய்ய ஒரு விசைத்தறி. அலமாரி முழுக்க நூல், கோன் கோனாக. நிறத்தை நான் இத்தனை ஒழுங்காக எங்கும் பார்த்ததில்லை.

"பாவு ரோசு. அது ஏறிருச்சு, மாத்த முடியாது. நீளவாட்டுல ஓடறது. குறுக்க போற ஊடை நூல் மட்டும் உன்ற இஷ்டம். எடு."

என் டப்பாக்களை நினைத்துக்கொண்டு செம்மண் பழுப்பை எடுத்தேன். காகிதத்தில் அந்த ரோஸுக்குப் பக்கத்தில் அது எவ்வளவு அழகு! நெய்து வந்ததைப் பார்த்தால் நனைந்த சாக்கு. அக்கா அதைச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தார்.

பிப்ரவரி 25, புதன்

நேற்று காப்பிக் கலர், தேன் கலர், துரு. எல்லாம் சாக்கின் சொந்தக்காரர்கள்.

இன்று தறி பக்கத்தில் சும்மா நின்றேன். பார்த்துக்கொண்டே நின்றதில் ஏதோ ஒரு மயக்கம். நூல் போகிறது, வருகிறது. தாளில் இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகிறது. இரண்டில் எதுவுமே மிஞ்சுவதில்லை, மூன்றாவது ஒன்று பிறக்கிறது. அப்படியானால் நான் தேட வேண்டியது ரோஸுக்குப் பக்கத்தில் உட்காரும் நிறத்தை அல்ல. ரோஸுக்குள் காணாமல் போகும் நிறத்தை.

சாம்பல் எடுத்தேன். வெளிர் சாம்பல், கொஞ்சம் பச்சை ஓடியது. தறிக்காரர், பெயர் குமாரண்ணன், "இது செத்த கலராச்சேங்க" என்றார். "போட்டுப் பாக்கலாமுங்க" என்றேன்.

ஒரு சாண் நெய்ததும் அவரே தறியை நிறுத்தினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பெயர் தெரியாத ஒரு நிறம். சாய்ந்தரம் புழுதி அடங்கும்போது ரோட்டின் மேலே நிற்குமே, அது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் ரோஸ், அந்தப் பக்கம் சாய்த்தால் புகை.

அக்கா கையை வைத்துத் தடவினார். "ஏ அம்மிணி" என்றார். அவ்வளவுதான். பிறகு போய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் நூல்.

பிப்ரவரி 27, வெள்ளி

முழுச் சேலையும் தறியிலிருந்து இறங்கியது. முந்தானையில் என் கோடுகள், களத்தில் கட்டை இழுத்த தடம் போல. அக்கா தன் சுடிதார் மேலேயே சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்தார். பரீட்சை முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். "நெறம் பாக்கறது உன்ற வேல. கம்ப்யூட்டரு நான் சொல்லித்தாரேன். ஒரு வருசம் இரு, பொறவு எங்க வேணாப் போ." வாரேனுங்க என்று சொன்னது என் வாய்தானா என்று இப்போதும் சந்தேகம்.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் தலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பின் பெஞ்சுக்கு நி. செய்தி அனுப்பியிருக்கிறாள்: "மாங்கா பார்டர் இல்ல. போய் பாருங்கடா."

மார்ச் 2, திங்கள்

கல்லூரி முடிந்து நேராக இளம்பிள்ளை, அக்கா கூப்பிட்டிருந்தார். நல்ல புழுக்கம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்திருந்தார், பெரிய ஜவுளிக் கடைக்காரர். மாதிரிச் சேலைகளைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளிக்கொண்டே போனார். தள்ளினார், தள்ளினார். என்னுடையதில் கை நின்றது. எடுத்து வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

"இது ஆருங்க போட்டது?"

"இந்தப் பொண்ணுதானுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்குது கண்ணு. இது எடுத்துக்கறேன். இதே தினுசுல நீலம் இருக்குதா?"

அக்கா என்னைப் பார்த்தார். அப்பா துளைத்த எந்த ஊரிலும் நீலம் வந்ததில்லை. என் அலமாரியில் நீலமே கிடையாது.

"நாளைக்குத் தாரேனுங்க" என்றேன்.

அவர் போனதும் நீலக் கோன் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பினேன். எதுவும் என்னோடு பேசவில்லை, எல்லாம் வெறும் நூல். ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஜன்னல் சீட். தலையை வெளியே நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே இருந்தது ஒரே நீலம் இல்லை. நாலைந்து இருந்தன, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கரட்டுக் குன்றுக்கு மேலே ஒன்று, எனக்கு நேர் மேலே வேறொன்று.

பக்கத்து சீட் அம்மா, மடியில் முறுக்குப் பொட்டலம், நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, மழை வருமான்னு பாக்கறியா?"

ஆமாங்க என்றேன்.